உமிக் கொதிகலனின் சாம்பல்: சைக்குளோன் பூட்டியும் நிற்கவில்லை, குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

கேள்வி – சம்மாந்துறை ஆலைக்காரர்

நெல் அவித்துக் குற்றும் சிறிய ஆலை ஒன்றை நடத்துகிறோம். கொதிகலனுக்கு உமியே எரிபொருள். புகைபோக்கிக்கு முன்னால் சைக்குளோன் (புகையைச் சுழலவிட்டுச் சாம்பலை அடியில் விழுத்தும் கூம்புக் கலம்) இருந்தும், மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் கிழக்குப் பக்க வீடுகளின் கொடியில் காயும் உடுப்புகளில் சாம்பல் படிகிறது. சைக்குளோனைப் பூட்டித் தந்தவரோ, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் உள்ளது போன்ற நிலைமின் வடிகட்டிதான் (சாம்பலுக்கு மின்னேற்றித் தகடுகளில் ஒட்டவைக்கும் கருவி) ஒரே வழி என்கிறார். அந்தச் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வேறு வழி உண்டா?

பதில் – கொதிகலன் பொறியியலாளர், மட்டக்களப்பு

நுரைச்சோலையை இதற்கு அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். அங்கே 300 மெகாவாற் அலகுகள் மூன்றில், மாவாக அரைத்த நிலக்கரி எரிகிறது. அதன் சாம்பல் மிக நுண்ணியது என்பதால் நிலைமின் வடிகட்டியும், நிலக்கரியில் கந்தகம் இருப்பதால் புகையைக் கடல்நீரால் கழுவும் தொகுதியும் தேவைப்படுகின்றன. உமியில் கந்தகம் மிகக் குறைவு. ஆகவே கந்தகத்துக்காகக் கழுவும் செலவு உங்களுக்கு இல்லை. நிலைமின் வடிகட்டியும் எளிதாகப் பொருந்தாது, ஏனெனில் உமிச்சாம்பலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. மின்சாரம் இலகுவில் கடக்காத அத்தகைய சாம்பல் தகடுகளில் படியப் படிய வடிகட்டியின் திறன் இறங்கும்.

முதலில் சைக்குளோனின் அடிவாயைப் பாருங்கள். உறிஞ்சு விசிறி அதற்குப் பின்னால் இருந்தால் உள்ளே அமுக்கம் குறைவாக இருக்கும். அடியில் சிறு இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று மேல்நோக்கிப் பாய்ந்து, பிடிபட்ட சாம்பலையே திரும்பத் தூக்கிக்கொண்டு போகும். ஆலை ஓடும்போது பற்றவைத்த ஊதுபத்தியை மூட்டுகளின் அருகே பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் கசிவு அங்கேதான். சாம்பலை எதில் சேர்க்கிறீர்கள்?

சம்மாந்துறை ஆலைக்காரர்

தகரப் பீப்பாவில், ஐயா. வாயைச் சுற்றிச் சாக்குத்தான் கட்டியிருக்கிறது. பூட்டியவர் செய்து தந்த அமைப்பு அதுவே. நிறைந்ததும் விசிறியை நிறுத்தாமலே மாற்றுகிறோம். ஊதுபத்திப் புகை சாக்குக்குள் முழுதாக இழுபட்டது.

பதில் – கொதிகலன் பொறியியலாளர், மட்டக்களப்பு

நினைத்தது சரி. சாக்கு காற்றைத் தடுக்காது. காற்றை விடாமல் சாம்பலை மட்டும் சுழன்று இறக்கும் சுழல் வால்வு, அல்லது ஒன்று திறக்கையில் மற்றது மூடியிருக்கும் இரட்டைக் கதவு ஒன்றைப் பூட்டுங்கள்; இரண்டாவதை உள்ளூர் ஒட்டுவேலைக்காரரே செய்வார். நூறு கிலோ உமிக்கு இருபது கிலோ அளவில் சாம்பல் வருமென்பதால், பீப்பா நிறைந்து கூம்புவரை ஏறவும் விடாதீர்கள். உமிச்சாம்பல் இரும்பை அராவும். கூம்பின் கீழ்ப்பகுதியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்றும் தட்டிப் பாருங்கள்.

பதில் – அக்கரைப்பற்று வாசகர்

துணிப்பை வடிகட்டி போடலாமே?

பதில் – கொதிகலன் பொறியியலாளர், மட்டக்களப்பு

நுண்துகளைப் பிடிப்பதில் அது சைக்குளோனை விட மேல். ஆனால் பொலியெஸ்டர் துணி 130 பாகை செல்சியஸ் அளவுக்கு மேல் தாங்காது, பறந்து வரும் ஒரு தீப்பொறியே பையை எரித்துவிடும். கசிவை அடைத்த பின்னும் சாம்பல் வந்தால், தண்ணீர் தெளித்துப் புகையைக் கழுவும் சிறு கோபுரம் மலிவானது. கழுவிய நீரை வாய்க்காலில் விடாமல் தொட்டியில் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். புகை கறுப்பாக வந்தால் மட்டும் இவை எதுவும் உதவாது. அது உமி ஈரமாக இருப்பதால், அல்லது எரிகாற்றுப் போதாமையால் வருவது. சாம்பல் நரையா, கறுப்பா?

சம்மாந்துறை ஆலைக்காரர்

நரைதான். இரட்டைக் கதவுக்கு ஒட்டுவேலைக்காரரிடம் அளவு கொடுத்துவிட்டேன்.