போலந்து இசையமைப்பாளர் பெண்டரெட்ஸ்கியின் 'திரெனடி'யை 20 பேரை வைத்து வாசிக்கலாமா?

கேள்வி: சென்னையில் 20 தந்தி வாத்தியக்காரர்கள்தான் கிடைப்பார்கள், பாதிப்பேர் கர்நாடக வயலின். முடியுமா?

பதில் 1: வேண்டாம் சார். அது 52 பேருக்கு எழுதியது: 24 வயலின், 10 வியோலா, 10 செல்லோ, 8 டபுள் பாஸ். ஆளாளுக்குத் தனி ஸ்வரம். ஆள் குறைந்தால், நெருக்கமான ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கொத்தில் ஓட்டை விழும். கர்நாடக வயலினின் ஸ-ப-ஸ-ப சுருதியை மேற்கத்திய ஜி-டி-ஏ-இக்கு மாற்ற வேண்டும். கால் ஸ்வரத்தில் (அரை ஸ்வரத்திலும் பாதி இடைவெளி) கமகம் நுழைந்தால் போச்சு.

பதில் 2: நடத்துவதும் வேறு மாதிரி. பெரும்பகுதிக்குத் தாளக்கட்டு இல்லை, நீளம் விநாடிக் கணக்கில். ஸ்டாப்வாட்ச் வைத்து, நுழைவுக்கு மட்டும் கை காட்டுங்கள். தாளம் போட்டால் வாசிப்பவர்கள் அழுத்தம் கொடுத்துவிடுவார்கள். 1960-ல் எழுதியபோது தலைப்பே 8 நிமிடம் 37 விநாடிதான். 'ஹிரோஷிமாவில் பலியானோருக்கான திரெனடி', அதாவது இரங்கல் இசை, என்ற பெயர் பின்னர் வந்தது.

பதில் 1: பெண்டரெட்ஸ்கியின் 'பழைய பாணியில் மூன்று துண்டுகள்' எடுங்கள். தந்திக் குழுவுக்கு எழுதியது, 20 பேர் தாராளம்.