கந்துவட்டிப் புகார் கொடுத்தவர்களின் அனுபவப் பகிர்வு: சட்டமும் தண்டனையும் எங்களுக்குப் புரிந்த விதம்

பள்ளிபாளையம், விசைத்தறி உரிமையாளர்:

நூல் விலை ஏறியிருந்த காலத்தில், தெரிந்தவர் ஒருவர் மூலம் 1,00,000 ரூபாய் கடன் வாங்கினேன். மாதம் பத்து வட்டி என்று பேசி, முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 90,000 ரூபாயைக் கையில் கொடுத்தார்கள்; தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு காசோலைகளையும் ஒரு புரோநோட்டையும் வாங்கிக்கொண்டார்கள். பதினான்கு மாதம் வட்டி கட்டிய பிறகு தறி ஓடாமல் இரண்டு மாதம் நின்றுபோனது. உடனே ஒரு காசோலையில் 3,00,000 என்று எழுதி வங்கியில் போட்டார்கள். பணமில்லாமல் அது திரும்பிய பத்தாம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. நோட்டீஸையே தீர்ப்பு என்று எண்ணி, மனைவியின் சங்கிலியை அடகு வைக்கக் கிளம்பியவன் நான்.

வழக்கறிஞர் ஒருவர்தான் என்னை உட்காரவைத்து, இரண்டு சட்டங்களையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். நாம் 'செக் கேஸ்' என்று சொல்வது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு. அதில் இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல இருமடங்கு வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம். ஆனால் நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து பணம் கொடுக்க 15 நாள் அவகாசம் உண்டு, அது கழிந்த பிறகே வழக்குப் போட முடியும். வெற்றுக் காசோலைதானே கொடுத்தேன் என்று வாதாடினால் போதும் என நான் நினைத்திருந்தேன். கையெழுத்து நம்முடையது என்றால், மற்ற விவரங்களை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்ற அனுமானம் எழும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் கூறியிருக்கிறது. அதை உடைக்கும் பொறுப்பு நம்மைச் சேர்ந்தது.

இன்னொன்று நம் மாநிலத்துக்கே உரிய 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று கடைவீதியில் புழங்கும் பெயர்களையே அதன் வரையறைப் பகுதியில் எழுதியிருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது, யாரோ நம் தெருவுக்கு வந்து பார்த்துவிட்டு எழுதியதைப் போல இருந்தது. நான்காம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்த 30,000 ரூபாய், என்னிடம் மூன்றே மாதங்களில் வாங்கிய வட்டி என்று கணக்குப் போட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எனக்கு உண்மையில் பயன்பட்டது தண்டனைப் பிரிவு அன்று. அரசு நிர்ணயித்த வட்டியோடு பாக்கியை நீதிமன்றத்தில் செலுத்தி, கடன் தீர்ந்ததாகப் பதியக் கோரலாம் என்ற ஏற்பாடுதான். கட்டிய 1,40,000 ரூபாயில் எட்டு மாதத் தொகை ஜிபேயில் போனதால் அதற்குச் சான்று இருந்தது. மீதியைக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்காமல் இருந்திருக்கிறேன்.

தஞ்சாவூர், மளிகைக் கடைக்காரர்:

என் குழப்பம் தேதியைப் பற்றியது. 2024 ஜூன் மாதம் வட்டிக்குக் கடன் கொடுத்தவர்கள் கடைக்கு வந்து மிரட்டினார்கள். ஜூலை கடைசியில் புகார் கொடுத்தேன். எஃப்.ஐ.ஆரில் பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள் இருந்ததைக் கண்டு, ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதே, வேண்டுமென்றே தவறாக எழுதியிருக்கிறார்கள் என்று காவல் நிலையத்தில் சத்தம் போட்டேன். தவறு என்னுடையது. குற்றம் நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படிதான் குற்றத்தையும் தண்டனையையும் பார்க்க வேண்டும். பதிவும் விசாரணையும் மட்டும் புதிய நடைமுறைச் சட்டத்தின்படி போகும். மிரட்டிப் பணம் பறிப்பதற்குப் பழைய 384ஆம் பிரிவில் மூன்று ஆண்டுகள் வரைதான் சிறை, புதிய 308ஆம் பிரிவில் ஏழு ஆண்டுகள் வரை. எனக்கு ஏழு ஆண்டுப் பிரிவு வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் குற்றம் நடந்தபோது இருந்ததைவிடக் கூடுதலான தண்டனையை யாருக்கும் விதிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 20ஆம் உறுப்பு சொல்கிறதாம். அதே பாதுகாப்பு நாளைக்கு எனக்கும் தேவைப்படலாம் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

விருதுநகர், தனியார் நிறுவன ஊழியர்:

அம்மா வாங்கிய தண்டல் கடனுக்காக நான் புகார் கொடுத்தேன். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்துவிட்டு, இரு தரப்பையும் அழைத்துப் 'பேசி முடிங்கம்மா' என்றார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு பெறப்பட்டதற்கான ஒப்புகை மட்டுமே, எஃப்.ஐ.ஆர். ஆகாது என்பது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பினேன். அதற்கும் பலனில்லை என்றால் உறுதிமொழிப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். தபால் போய்ச் சேர்ந்த வாரமே வழக்குப் பதிந்ததால் அது தேவைப்படவில்லை.

மீண்டும் பள்ளிபாளையத்திலிருந்து:

நான் கொடுத்த கந்துவட்டிப் புகாரில், கடன் கொடுத்தவரைக் கைது செய்தார்களா என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைதுக்கான காரணம் இல்லாவிட்டால், ஆஜராகும்படி முதலில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றார் விசாரணை அதிகாரி. அந்த அறிவிப்பை வாங்கிய மறுநாளே கடன் கொடுத்தவர் என் தறிக்கூடத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரியத்தான் செய்தது. சட்டத்தில் எழுதியிருப்பது 'மூன்று ஆண்டுகள் வரை' என்பதே. குற்றம் நிரூபணமானாலும் எவ்வளவு என்பதை நீதிபதிதான் முடிவு செய்வார் என்பதையும் அப்போதுதான் மனத்தில் ஏற்றிக்கொண்டேன். செக் கேஸும் நிலுவையில் இருக்கிறது. பாக்கித் தொகையை நீதிமன்றத்தில் செலுத்தும் மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. வங்கிக் கணக்கு அறிக்கையில் அந்த எட்டு மாதங்களையும் மஞ்சள் மையால் கோடிட்டு வைத்திருக்கிறேன்.