படமாகப் பகிரும் அறிவிப்புகளைப் பார்வையற்றவர்களும் படிக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி

எங்கள் வாசகர் குழுவின் முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களை நான் கவனித்துக்கொள்கிறேன். கூட்டத்தின் தேதி, நேரம், இடம், பேசப்போகும் நூல் ஆகிய அனைத்தையும் ஒரே படத்தில் எழுதி, பதிவில் "அனைவரும் வருக" என்று மட்டும் தட்டச்சு செய்வதே இதுவரை எங்கள் வழக்கம். அண்மையில் சேர்ந்த பார்வையற்ற உறுப்பினர் ஒருவர், "வரச் சொல்கிறீர்கள், எங்கே, எப்போது என்றுதான் தெரியவில்லை" என்று எழுதியதைப் படித்தபோது மிகவும் வருந்தினேன். தொழில்நுட்பம் அதிகம் அறியாத நான் எங்கிருந்து தொடங்கலாம்? காணொளிகளிலும் ஏதேனும் மாற்ற வேண்டுமா?

மறுமொழி 1

நானும் பார்வையற்றவன்தான். கைபேசியில் டாக்பேக், கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான்களின், அதாவது திரையிலுள்ள எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்களின், துணையோடு படிக்கிறேன். உங்கள் அறிவிப்பைத் தொட்டால் "அனைவரும் வருக" என்ற வரியும், அதன்பின் "படம்" என்ற சொல்லும் மட்டுமே என் காதில் விழும். முகநூல் 2016 முதல் படங்களைத் தானாகவே ஊகித்து விவரிக்கிறது என்றாலும், அது பல நேரங்களில் "இதில் எழுத்து இருக்கலாம்" என்ற அளவோடு நின்றுவிடுகிறது.

ஆகவே, படத்தில் உள்ள தேதியையும் இடத்தையும் பதிவிலேயே தட்டச்சு செய்யுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். ஒளிப்படங்களுக்கு, பதிவேற்றும்போது கிடைக்கும் "மாற்று உரை" பெட்டியில் விளக்கம் எழுதலாம். இன்ஸ்டாகிராமில் இவ்வசதி 2018 முதல் இருக்கிறது.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டியவை தனியாக உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்ததை ஒருங்குறிக்கு (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு) மாற்றாமல் ஒட்டினால், திரைவாசிப்பானுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே. தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதினால், ஆங்கிலக் குரல் அதைச் சிதைத்து வாசிக்கும். நான் பலமுறை கேட்டும் புரியாமல் கடந்துபோன பதிவுகள் ஏராளம். ஆங்கில ஹேஷ்டேக்கில், சொற்கள் தனித்தனியாக ஒலிக்க, ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கச் சொல்வார்கள். தமிழில் பெரிய எழுத்து இல்லாததால் #வாசகர்_கூட்டம் என்று அடிக்கோடிட்டுப் பிரிப்பதே நல்லது. வரியின் நடுவே எமோஜிகளைத் தூவினால் ஒவ்வொன்றின் பெயரும் வாசிக்கப்பட்டு, சொல்லவந்த செய்தி அறுந்துபோகும். ஒன்றிரண்டை வரியின் இறுதியில் வைத்தால் இடையூறில்லை.

மறுமொழி 2

எனக்குக் காது கேட்காது. ஆகவே காணொளியைப் பற்றிச் சொல்கிறேன். தானியங்கி வசனவரிகளை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஆட்பெயர்களும் நூற்பெயர்களும்தான் அவற்றில் முதலில் பிழையாகின்றன. நூல்களைப் பற்றிய பேச்சில் அவை பிழையானால் மிஞ்சுவது சொற்பம். வெளியிடுமுன் ஒருமுறை படித்துத் திருத்துங்கள். பேசுபவர் மாறும்போது அவர் பெயரையும், கைதட்டல், சிரிப்பு போன்ற ஒலிகளையும் குறிப்பிடுங்கள். உதட்டசைவையும் சேர்த்துப் பார்த்தே நான் புரிந்துகொள்கிறேன் என்பதால், ஒலிவாங்கி பேசுபவரின் வாயை மறைக்காதிருந்தால் பேருதவியாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அறிவிப்பைத் தட்டச்சு செய்து மீண்டும் வெளியிட்டுவிட்டேன். சென்ற கூட்டத்தின் ஒளிப்படத்துக்கு, "எங்கள் கூட்டத்தில் எடுத்த மகிழ்ச்சியான படம்" என்று விளக்கம் எழுதியிருக்கிறேன். இது போதுமா?

மறுமொழி 1

முயற்சிக்கு நன்றி. ஆனால், படத்தில் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. "படம்" என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும். மகிழ்ச்சி எதில் தெரிகிறது என்று எழுதினால், மகிழ்ச்சியை நானே உணர்ந்துகொள்வேன். இந்தப் படத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்களோ, அதையே இரண்டு வாக்கியங்களில் சொல்லுங்கள்.

மறுமொழி 3

பார்வை மங்கியவர்களையும் நினைவில் கொள்ளுங்கள். மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து என்னைப் போன்றோருக்குத் தெரியவே தெரியாது. வலைத்தள அணுகல் நெறிமுறைகள், வழக்கமான அளவிலுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாட்டைக் கேட்கின்றன. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சிகளை அறவே தவிருங்கள். அவை சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும்.

கேள்வி கேட்டவர்

விளக்கத்தை மாற்றிவிட்டேன்: "வட்டமாக அமர்ந்த பன்னிரண்டு பேர். நடுவில் நிற்கும் மூத்த உறுப்பினர் நூலை மார்போடு அணைத்தபடி கண்மூடி ஒரு பத்தியை மனப்பாடமாகச் சொல்ல, அருகிலிருக்கும் சிறுமி வாய்பிளந்து அவரையே பார்க்கிறாள்."

மறுமொழி 1

அந்தப் பத்தி எந்த நூலில் வருகிறது என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அதையும் பதிவில் சேர்த்துவிடுங்கள்.