சொண்டுக்கு மேலே கட்டியோடு பெரிய தாரா, மூக்கன் தாராவா?

வட்டைக்காரன்:
வணக்கம். மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) வேளாண்மை வெட்டி இரண்டு கிழமை. நேற்று விடியற்காலை வரம்பில் ஒரு தாரா நின்றது. வீட்டுத் தாராவை விடப் பெரிசு, முதுகு கறுப்பு, வெயில் பட்டதும் பச்சையாக மினுங்கியது, தலையில் வெள்ளை, சொண்டுக்கு மேலே ஒரு கட்டி. கிட்டப் போனதும் எழும்பி, குளக்கட்டில் நிற்கும் பழைய மருதமரத்தில் போய் இருந்துவிட்டது. சின்னச் சீழ்க்கைத் தாரா மரத்தில் இருப்பது தெரியும், இவ்வளவு பெரிய தாராவும் இருக்குமா? போனில் கொஞ்சம் வீடியோ எடுத்தேன், தூரம் என்பதால் தெளிவில்லை.

கழிமுகம்:
இருக்கும் தம்பி. மூக்கன் தாரா மரப்பொந்தில் முட்டையிடும் இனம், 7 முதல் 15 முட்டை வரை. கட்டி ஆணுக்கு மட்டும்தான், இனப்பெருக்கக் காலத்தில் இன்னும் வீங்கும். பெண் ஆணை விட நன்றாகச் சின்னது. பெரிய ஆண் இரண்டரைக் கிலோவையும் தாண்டும். புல், விதை, நெல் எல்லாம் மேயும், வெட்டின வயலுக்கு வருவதில் புதுமை இல்லை.
ஆனால் அவசரப்பட வேண்டாம். வீடுகளில் வளர்க்கிற மஸ்கோவித் தாராவும் பெரிசு, கறுப்பு வெள்ளை, பச்சை மினுக்கம், அதுவும் மரத்தில் ஏறும். அதன் பூர்வீகம் தென், மத்திய அமெரிக்கா. முகத்தைப் பாருங்கள். கண்ணைச் சுற்றிச் சிவப்புச் சதை தடித்திருந்தால் மஸ்கோவி. மூக்கன் தாராவுக்கு முகத்தில் சிவப்பே கிடையாது, வெள்ளைத் தலையில் கறுப்புப் புள்ளிகள் தெளித்தது போல் இருக்கும், கட்டியும் கறுப்பு. பறக்கும்போது சிறகின் மேல்பக்கம் முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும், வெள்ளைத் திட்டு தெரிந்தால் மஸ்கோவிதான்.

பாலைமரம்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. மூக்கன் தாராவை 1769இல் இயற்கையியலாளர் தாமஸ் பென்னன்ட் முதன்முதலாக விவரித்துப் பெயர் வைத்தது இலங்கையில் கிடைத்ததைக் கொண்டுதான். அதன் அறிவியல் பெயரில் வரும் மெலனோடோஸ் என்றால் கறுத்த முதுகு. உலகத்துக்கு நம் நாட்டிலிருந்து அறிமுகமான பறவை, இங்கே கூடு கட்டி வாழ்ந்தது, பிறகு இல்லாமல் போய், இப்போது எப்போதாவது ஒன்று கண்ணில் பட்டால் பெரிய செய்தி. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இன்னும் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ள எனக்கு முடியவில்லை.
தண்ணீர் மட்டும் இருந்தால் போதாது இதற்கு. தண்ணீரோரம் பொந்து விழுந்த கிழட்டு மரம் வேண்டும், பொந்து விழ ஒரு மரத்துக்கு எத்தனை வருடம் ஆகும் யோசியுங்கள். நாங்களோ பொந்து விழுந்தால் மரம் பழுது என்று முதலில் அதைத்தான் வெட்டுகிறோம். ஆந்தை, கிளி, மைனா எல்லாம் அதே பொந்துக்குத்தான் அலைகின்றன.

வட்டைக்காரன்:
வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கண்ணைச் சுற்றிச் சிவப்பு இருக்கிறது, எழும்பும்போது சிறகில் வெள்ளையும் தெரிகிறது. மஸ்கோவிதான், பக்கத்து ஊரில் யாரோ வளர்க்கிறதாக இருக்கும். மனசு கொஞ்சம் விழுந்துதான் போனது.
ஆனால் அது இருந்த மருதில் இரண்டு பெரிய பொந்து இருக்கிறது, நான் இதுவரை கவனித்ததே இல்லை. கிளை முறிந்து விழும் என்று அந்த மரத்தை இந்த வருடம் தறிக்கப் பேச்சு நடக்கிறது. முறியக்கூடிய கிளையை மட்டும் கழித்தால் போதாதா? ஞாயிற்றுக்கிழமை வயல் வேலைகளைப் பார்க்கிற வட்டை விதானையைக் கண்டு கேட்கப் போகிறேன்.

கழிமுகம்:
போகும்போது பொந்துகளை வடிவாகப் படம் எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி. உள்ளே ஏதும் குடியிருக்கிறதா என்று விடியவும் மைமலிலும் (அந்தியிலும்) கொஞ்ச நேரம் தள்ளி நின்று பாருங்கள், இருந்தால் அதைச் சொல்லியே மரத்தைக் கேட்கலாம்.