மலேசியாவில், பினாங்கு பிறை அடுக்குமாடியில் பெற்றோர் வகுப்பு தொடங்கலாம் என்று இருக்கிறோம். எப்படி நடத்தினால் பலன் கிடைக்கும்?

பிறை_மாடிவீடு:

வணக்கம். எங்கள் புளோக்கில் பாதிப் பேருக்கு மேல் பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை. பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்துவிட்டு, பேக்டரி பஸ்ஸில் பாலம் தாண்டி வீட்டுக்கு வரும்போது, பிள்ளை வீட்டுப்பாடம் செய்யாமல் போனில் மூழ்கியிருந்தால் ரோத்தான் பிரம்புதான் முதலில் கைக்கு வருகிறது. சுவர் மெல்லிசு. எந்த வீட்டில் யார் அழுகிறார்கள் என்று எல்லாருக்கும் கேட்கும்.

குடியிருப்பாளர் சங்கத்தில் கொஞ்சம் பணம் இருக்கிறது. கீழே டேவானும் (பொது மண்டபம்) சும்மாதான் கிடக்கிறது. போன வருஷம் ஒரு பேச்சாளரை அழைத்தார்கள். பிள்ளைகள் கெட்டுப்போவதற்கு நீங்கள்தான் காரணம் என்கிற தோரணையில் இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். வந்திருந்த அம்மாக்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பாக்கள் யாரும் வரவே இல்லை. அது மாதிரி இன்னொன்று வேண்டாம். அடி குறைய வேண்டும், பெற்றோரும் கூனிக் குறுகக் கூடாது. அப்படி ஏதாவது இருக்கிறதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் அடி எல்லை மீறிப் போகிறதோ என்று எனக்குப் பயம். அதற்கெல்லாம் வகுப்பு போதுமா?

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி:

தங்கச்சி, நான் தாய்சேய் நல கிளினிக்கில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிரசவமான வீடுகளுக்குப் போய் வருவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. நீங்கள் கேட்பது மாதிரி திட்டம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம், யுனிசெப், ஆக்ஸ்போர்ட், கேப் டவுன் பல்கலைக்கழகங்கள் எல்லாம் சேர்ந்து உருவாக்கிய பெற்றோர் பயிற்சி ஒன்று உண்டு. வசதி குறைந்த குடும்பங்களை நினைத்தே செய்தது, கையேடும் இலவசம். நம் நாட்டில் அதை 'நவுங்கான் காசே' என்ற பெயரில் எல்பிபிகேஎன் (அரசாங்கத்தின் மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம்), யுனிசெப், புத்ரா பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து நம் குடும்பங்களுக்கு ஏற்றபடி மாற்றின. கெமாஸ் என்ற அரசாங்கச் சமூக மேம்பாட்டுத் துறையின் பாலர் பள்ளிகள் வழியாகவும், கைப்பேசிச் செய்தி வழியாகவும் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். முதலில் எல்பிபிகேஎன் மாநில அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கான மூல வடிவம் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வகுப்பு. அதில் எனக்குப் பிடித்ததே அதன் வரிசைதான். எடுத்த எடுப்பில் அடியைப் பற்றிப் பேசுவதில்லை. தினமும் கொஞ்ச நேரம் பிள்ளையோடு தனியாக விளையாடுவதில் ஆரம்பிக்கும். அப்புறம் பாராட்டு, தெளிவாகச் சொல்லும் முறை, வீட்டு விதிகள். தண்டனை பற்றிய பேச்சு கடைசிப் பக்கம்தான் வரும். ஆறு நாளாகச் சிரித்து விளையாடிய பிள்ளை ஏழாம் நாள் சொல்பேச்சைக் கொஞ்சம் கேட்கும். திட்டு மட்டுமே வாங்கும் பிள்ளை ஏன் கேட்க வேண்டும்?

விளையாட்டு என்றால் என்ன என்பதையே காட்டித் தர வேண்டியிருக்கிறது. ஒரு வீட்டில் நாலு வயசுப் பையன் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன கலர்? எண்ணு பார்ப்போம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பையன் முதுகைத் திருப்பிக்கொண்டான். "கேள்வி வேண்டாம்மா, அவன் செய்வதை மட்டும் சொல்" என்றேன். "நீல மூடியைச் சிவப்புக்குப் பக்கத்தில் வைக்கிறே" என்றாள். அவன் ஒரு மூடியை அவள் கையில் கொடுத்து, எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினான்.

டேவானில் நடத்தும்போது நாற்காலியை வட்டமாகப் போடுங்கள், மேடையும் மைக்கும் வேண்டாம். சொல்லிக் கொடுத்ததை அங்கேயே இருவர் இருவராகச் செய்து பார்க்கட்டும். "சேட்டை பண்ணாதே" என்பதை "பையை நாற்காலியில் வை" என்று மாற்றிச் சொல்லிப் பழக வாய்க்கு நேரம் பிடிக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து அறையில் ஆள் வேண்டும். குடிக்க மைலோவும் சாப்பிட மீகூனும் வேண்டும். சங்கத்துப் பணத்தை இதற்குச் செலவழியுங்கள், பேச்சாளருக்கு வேண்டாம்.

அடி எல்லை மீறும் அந்த வீட்டுக்கு வகுப்பு போதுமா என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் எல்மைரா என்ற ஊரில் 1977இல் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் ஒரு திட்டம் தொடங்கினார். முதல் பிள்ளையைச் சுமக்கும் பெண்களின் வீட்டுக்குத் தாதியர் போவார்கள், பிள்ளைக்கு இரண்டு வயசு ஆகும் வரை. பதினைந்து வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால், அந்தக் குடும்பங்களில் பிள்ளைக் கொடுமைப் புகார்கள் ஏறக்குறைய பாதிதான். ஆனால் மனைவி ஓயாமல் அடி வாங்கும் வீடுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. அதனால் அங்கே அம்மாவுக்கும் அடி விழுகிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விழுகிறது என்றால் அவருக்குத்தான் முதல் உதவி வேண்டும். டபிள்யூசிசி பினாங்கு என்ற பெண்கள் உதவி அமைப்பில் இலவசமாக ஆலோசனை தருகிறார்கள்.

லாரி_அண்ணன்:

அப்பாக்கள் வரவில்லை என்றால் நேரத்தைப் பாருங்கள். நான் பட்டர்வொர்த் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறேன். சனிக்கிழமை மத்தியானம் யார் சும்மா இருக்கிறார்? ஞாயிறு காலை பசியாறிய பிறகு வையுங்கள். அழைப்புக் கடிதத்தில் 'பெற்றோர்' என்று போட்டால் அது அம்மாவுக்குத்தான் என்று நினைத்துவிடுவோம். 'அப்பாக்களும் வரவும்' என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் ஓர் அப்பாவே வீடு வீடாகப் போய்க் கூப்பிடட்டும். என்னை அடித்துத்தான் வளர்த்தார்கள். என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்று ஆசை இருக்கிறது, வழிதான் யாரும் காட்டவில்லை. இப்படி ஒரு வகுப்பு எங்கள் தாமான் குடியிருப்பில் இருந்தால் நான் முதல் ஆளாக வருவேன்.

சட்டம்_கொஞ்சம்_தெரியும்:

மிஸ்ஸி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறார் சட்டம் 2001இன்படி மருத்துவர், குடும்பத்தினர், பிள்ளை பராமரிப்பாளர் ஆகியோருக்குச் சந்தேகம் வந்தால் தகவல் தருவது கடமை. பக்கத்து வீட்டுக்காரரும் தாராளமாகத் தரலாம். அரசாங்க உதவி எண் தாலியான் காசே 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். காயம் தெரிந்தாலோ, பிள்ளை வீட்டுக்குப் போகவே பயந்தாலோ, வகுப்பு தொடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அவசர எண் 999.

பிறை_மாடிவீடு:

மிஸ்ஸி அக்கா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. அந்த வீட்டுப் பிள்ளையின் காலில் தழும்பு பார்த்தேன், அதனால் இன்றைக்கே 15999க்குக் கூப்பிடுகிறேன். எல்பிபிகேஎன் கடிதத்தைச் செயலாளர் எழுதுகிறார். ஞாயிறு பத்து மணி என்று முடிவு செய்திருக்கிறோம். மாடியில் தாத்தா பாட்டிதான் பல பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களையும் அதே வட்டத்தில் உட்கார வைக்கலாமா, தனியாக நடத்த வேண்டுமா, அக்கா?

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி:

ஒன்றாகவே உட்காரட்டும். அம்மா ஒன்று சொல்லி, பாட்டி வேறொன்று சொன்னால் பிள்ளைதான் குழம்பும். மருமகள் பேசும்போது மாமியார் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை மட்டும் போடுங்கள்.