சீனிக்குப் பதிலா தேன், குலா மெலாக்கா எவ்ளோ போடணும்? கேக் நடுவுல வேகல, அதிரசம் எண்ணெயில பிரிஞ்சு போவுது

சிப்புட்_வீட்டுகேக்

எல்லாருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட்ல இருக்கேன், தோட்டத்துக்கும் டவுனுக்கும் நடுவுல உள்ள தாமான்ல வீடு, தீபாவளி வந்தா தெரிஞ்சவங்களுக்கு மட்டும் பட்டர் கேக், அதிரசம், நெய் உருண்டை ஆர்டர் எடுத்து செஞ்சு குடுப்பேன். இந்த வருஷம் சில பேரு வெள்ளை சீனி வேணாம், தேன் இல்லாட்டி குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) போட்டு செஞ்சு குடுங்கன்னு கேக்குறாங்க. எங்க மாமியாருக்கும் இனிப்பு நீர் இருக்கு, அவங்களும் மனசு கோணாம ஒரு துண்டு சாப்பிடணும்னு எனக்கு ஆசை.

கேக்குக்கு நான் போடுறது பட்டர் ஒரு கட்டி 250 கிராம், முட்டை 4, மாவு 250 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், பால் 120 மில்லி, சீனி 1 கப். சீனின்னா கை பழகிடுச்சு, 500 கிராம் டின் பால் (கண்டென்ஸ்ட் மில்க்) வந்த பழைய டின்ல பாதிக்கு கொஞ்சம் மேல அள்ளி போட்டுடுவேன், நல்லாத்தான் வரும். இப்ப தேன் போட்டுப் பாக்கலாம்னு ஒரு வீடியோல சொன்ன மாதிரி 1 கப் சீனிக்கு முக்கா கப் தேன்னு அதே டின்ல முக்கா டின் ஊத்துனேன், ஓவன் 175ல வச்சேன். மேல காபித்தூள் கலர்ல கறுத்துப் போச்சு, ஓரமெல்லாம் கருகல், நடுவுல குச்சி விட்டா ஈரமா ஒட்டிக்கிட்டு வருது, இன்னும் கொஞ்ச நேரம் வச்சா மேல இன்னும் கறுக்குது. ஆறுனதும் நடு அமுங்கி கிடக்கு, மறுநாள் தொட்டா கையில பிசுபிசுன்னு ஒட்டுது.

அதிரசத்துக்கு வெல்லத்துக்குப் பதிலா குலா மெலாக்காவ தண்ணி ஊத்தி கரைச்சு மாவுல கலந்தேன், எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு தூள் தூளா போவுது. ரெண்டுக்கும் அளவு தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஆர்டர் குடுக்க நாள் நெருங்குது.

ஈப்போ_ஓவன்_அண்ணன்

தங்கச்சி, நான் பேக்கரில வேலை செய்றேன், உங்க ஓவன் மேலயும் தப்பு இல்ல, தேன் மேலயும் தப்பு இல்ல, அந்த டின்தான் விஷயம். அமெரிக்கா வீடியோல கப்னு சொன்னா 240 மில்லி. நம்ம ஊர்ல விக்கிற கப் செட்டு நெறைய 250 மில்லி. நீங்க சொல்ற 500 கிராம் டின் பால் டின் இருக்கே, அதுல டின் பால் தண்ணிய விட கெட்டியா கனமா இருக்கிறதால 500 கிராம்னு போட்டிருந்தாலும் உள்ள புடிக்கிறது சுமாரா 380 மில்லி சொச்சம்தான். ஆனா அது கப்ப விட ஒன்றரை மடங்குக்கு மேல பெருசு. முக்கா டின்னுன்னா கிட்டத்தட்ட 290 மில்லி தேன், அத தராசுல வச்சா 400 கிராம தாண்டும், ஏன்னா தேன் ஒரு கப்பே 340 கிராம் இருக்கும், சீனி ஒரு கப் 200 கிராம்தான். முக்கா கப் தேன்னு அவங்க சொன்னது 255 கிராம், உங்க கேக்ல போனது 410 பக்கம். 250 கிராம் மாவு இவ்ளோத்த தாங்காது. கறுத்தது, ஈரமா நின்னது, அமுங்குனது எல்லாம் அங்கேர்ந்துதான் வருது.

டின்ன தூக்கிப் போட வேணாம், அதோட அளவ கண்டுபுடிச்சு வச்சுக்குங்க. காலி டின்ன டிஜிட்டல் தராசுல வச்சு சுழி பட்டன அமுக்குங்க, தண்ணிய விளிம்பு வரைக்கும் ஊத்துங்க, எத்தன கிராம் காட்டுதோ அத்தன மில்லி. அத மார்க்கர்ல டின் மேலயே எழுதிடுங்க. தேனுக்கு டின்னே வேணாம், மாவு பாத்திரத்தையே தராசுல வச்சு சுழியாக்கிட்டு போத்தல்லேர்ந்து நேரா அதுல ஊத்துனா கரண்டில ஒட்டுற தொல்லையும் இல்ல. தராசு இல்லன்னா டேபிள்ஸ்பூன் உள்பக்கம் கொஞ்சம் எண்ணெய் தடவிட்டு அளங்க, 15 மில்லி ஸ்பூன் ஒன்னு தேன்னா 21 கிராம், சீனின்னா 12 லேர்ந்து 13 கிராம். சாப்பிடுற கரண்டி வீட்டுக்கு வீடு வேற சைஸ், அத நம்பாதீங்க.

தெலுக்_இந்தான்_அக்கா

அண்ணன் சொன்னது சரி, நான் அதிரசத்துக்கு வர்றேன். குலா மெலாக்காவ தண்ணில கரைச்சா மட்டும் போதாதும்மா, பாகு வரணும். கட்டி கரைஞ்சதும் முதல்ல வடிகட்டிடு, பாளையில இறக்குன சாறுலேர்ந்து வர்றதால தும்பு தூசி எல்லாம் கெடக்கும், அப்புறம் அடுப்புல வச்சு காய்ச்சிக்கிட்டே ஒரு சின்ன மங்குல பச்சத்தண்ணி வச்சு அதுல ஒரு சொட்டு விட்டுப் பாரு. கரைஞ்சு போனா இன்னும் பதம் வரல. அடியில போயி உக்காந்து, விரலால உருட்டுனா மெத்துன்னு உருண்டை புடிச்சு, தூக்குனா லேசா நெளிஞ்சு நிக்கணும், அப்ப இறக்கிடு. டக்குன்னு கல்லு மாதிரி இறுகுச்சுன்னா தாண்டிப் போச்சு, அதிரசம் கடிக்க முடியாம போயிடும். தெர்மோமீட்டர் வச்சிருக்கிறவங்க 112லேர்ந்து 116 டிகிரிக்குள்ள எடுப்பாங்க.

எங்க வீட்டுல ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கா கிலோ வெல்லம், குலா மெலாக்கா போட்டாலும் அதே எடைதான். அரிசிய ஊற வச்சு, வடிச்சு, துணில உலத்தி, ஈரம் கையில தெரியுறப்பவே அரைச்சிடணும், கடையில விக்கிற காஞ்ச அரிசி மாவுல அந்தப் பதம் வராது. அடுப்ப அணைச்சிட்டுத்தான் மாவ கொஞ்சம் கொஞ்சமா கொட்டி கிளறணும், அப்புறம் மேல நெய் தடவி மூடி ஒரு ராத்திரியாவது விட்டுடு. இப்ப உன்கிட்ட இருக்கிற மாவ தூக்கிக் கொட்டாத, கொஞ்சம் ஈர அரிசி மாவு சேத்து பிசைஞ்சு, ஒன்னே ஒன்னு தட்டி எண்ணெயில போட்டுப் பாரு, பிரியாம நின்னா மிச்சத்த போடு. அப்பவும் பிரிஞ்சா இன்னும் கொஞ்சம் ஈர அரிசி மாவு சேத்துப் பாரு. தீ எப்பவும் மிதமா இருக்கட்டும்.

இன்னொன்னு, தேன அதிரசத்துக்கு போட நினைக்காத. அது போத்தல்ல இருக்கிற பதத்துல மாவ இறுக்கிப் புடிக்காது.

கிரியான்_பையன்

அக்கா ஒரு சந்தேகம், குலா மெலாக்காவும் குலா அப்போங்கும் ஒன்னா? எங்க பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) குலா அப்போங்னு டப்பால கூழாட்டம் விக்கிறாங்க.

தெலுக்_இந்தான்_அக்கா

இல்ல தம்பி. குலா மெலாக்கா தென்னம்பாளை சாறுல காய்ச்சுறது, மூங்கில் குழாய்ல ஊத்தி உருளையா வரும். குலா அப்போங் நிப்பா மரத்து சாறு, சரவாக் பக்கம் அதிகம், அது இளக்கமா இருக்கும். நீர் நெறைய இருக்கிறதால கட்டி குலா மெலாக்காவுக்கு எடைக்கு எடை போட்டா மாவு தளர்ந்துடும். வாங்குறப்ப பாரு, விலை கம்மியா விக்கிற குலா மெலாக்கால நெறைய வெள்ளை சீனி கலந்துதான் வருது, லேபில்ல சேர்மானம் போட்டிருக்கும். கலப்படக் கட்டி வச்சு பாகு எடுத்தா பதமும் வேற மாதிரி வரும். தென்னைய விட்டு வெல்லமே வேணும்னா ஈப்போ லிட்டில் இந்தியா மளிகைக் கடையில நல்ல கரும்பு வெல்லம் கிடைக்கும்.

சிப்புட்_வீட்டுகேக்

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. டின்ன அளந்து பாத்தேன், 390 மில்லி காட்டுது. அப்ப என் கேக்குக்கு சரியா எவ்ளோ தேன், பால் எவ்ளோ குறைக்கணும்னு ஒரு தடவ சொல்லிடுங்க அண்ணே. குலா மெலாக்கா கேக்குக்கும் சொன்னா இன்னும் நல்லா இருக்கும்.

ஈப்போ_ஓவன்_அண்ணன்

முழுசா தேன் போடாதீங்கன்னு சொல்லுவேன். பட்டரையும் சீனியையும் சேத்து அடிக்கிறப்ப சீனி மணிதான் பட்டருக்குள்ள காத்த புடிச்சு வைக்குது, பட்டர் வெளுத்து பஞ்சாட்டம் வர்றது அதனாலதான். தேன் தண்ணியாட்டம் இருக்கே, அதுக்கு அந்த வேலை தெரியாது, முழுசா தேன் போட்டா கேக் கனமா, அடர்த்தியா வரும். பாதிக்குப் பாதி போங்க: சீனி 100 கிராம் பட்டரோட அடிங்க, முட்டை ஒன்னொன்னா போட்டப்புறம் தேன் 127 கிராம், அதாவது 6 டேபிள்ஸ்பூன். தேன்ல நூத்துக்கு 17, 18 பங்கு தண்ணிதான், அந்தக் கணக்குக்கு பால் 120ஐ 100 மில்லி ஆக்குங்க. தேன் புளிப்புத் தன்மை உள்ளது, அதுக்கு ஆப்ப சோடா ஒரு சிட்டிகை மாவுல சலிச்சு விடுங்க, அதிகமாச்சுன்னா சோப்பு வாசம் வந்துடும். தேன்ல உள்ள இனிப்பு சீக்கிரம் சிவக்கும், ஓவன 160க்கு இறக்குங்க, நேரம் கூட ஆகும், முக்கா மணி தாண்டினாலும் பயப்படாதீங்க, மேல கறுக்க ஆரம்பிச்சா அலுமினியம் ஃபாயில் லேசா மூடுங்க.

குலா மெலாக்கா சீனியோட அதே எடை. கத்தியால மெல்லிசா சீவி, 200 கிராம் எடுத்து பட்டரோட அடிச்சா போதும், கொஞ்சம் குருணை நின்னாலும் ஓவன்ல உருகிடும். பாகா ஊத்தணும்னா பாத்திரத்த முதல்ல எடை போட்டு வச்சுக்குங்க, 200 கிராம் குலா மெலாக்கா, 100 மில்லி தண்ணி, ஒரு பண்டான் இலை போட்டு கொதிக்க விடுங்க, இலைய எடுத்துட்டு பாத்திரத்தோட நிறுத்துப் பாருங்க, பாத்திரம் போக 250 கிராம் வந்தா இறக்குங்க. அதுல 50 கிராம் தண்ணி இருக்கு, அதே 50 மில்லிய பால்ல கழிச்சிடுங்க. பாகு ஆறுனப்புறம்தான் பட்டர்ல ஊத்தணும், சூடா ஊத்துனா பட்டர் உருகி கேக் எழும்பாது.

தாப்பா_சிஸ்

நான் ஒன்னு சொல்லட்டா? மாமியாருக்கு சீனி வியாதின்னு சொல்றீங்க, அப்ப முழுசாவே தேன்ல செஞ்சிடுங்க லா, தேன் இயற்கை, ஒன்னும் பண்ணாது. எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான்.

ஈப்போ_ஓவன்_அண்ணன்

சிஸ், தப்பா எடுத்துக்காதீங்க, இத அப்படியே விட்டா யாராச்சும் நம்பிடுவாங்க. மேல போட்ட கணக்கையே பாருங்க. 1 கப் சீனி 200 கிராம். அதுக்குப் பதிலா போடுற முக்கா கப் தேன் 255 கிராம், அதுல தண்ணிய கழிச்சா மிச்சம் 209 கிராம் இனிப்பு. கப் குறைஞ்ச மாதிரி தெரியுது, சீனி ஒரு கிராம் கூட குறையல, கொஞ்சம் கூடத்தான் போவுது. குலா மெலாக்காவும் பெரும்பங்கு அதே சீனிதான், ருசியும் வாசமும் வேற, ரத்தத்துல ஏத்துறது ஏத்தத்தான் செய்யும். எங்கப்பாவும் இத நம்பி காபிக்கு தினம் தேன் ஊத்துனாரு, கிளினிக்ல ரீடிங் பாத்து நர்ஸ் நல்லா சத்தம் போட்டாங்க. தேன் வாசத்துக்காக போடுங்க, மருந்துன்னு நினைச்சு போடாதீங்க. வீட்டுக்கு வர்றவங்க கைக்குழந்தைய தூக்கிட்டு வந்தா, ஒரு வயசு ஆகாத பிள்ளைக்கு தேன் நாக்குல கூட தடவக்கூடாது, அது ரொம்ப ஆபத்து.

சிப்புட்_வீட்டுகேக்

ஐயோ அண்ணே, இத தெரிஞ்சிருந்தா மாமியாருக்கு அப்படி ஒரு கேக் செய்யவே யோசிச்சிருக்க மாட்டேன். அப்ப ஸ்டீவியா மாதிரி ஏதாச்சும்?

கோலகங்சார்_நர்ஸ்_மகள்

அக்கா, ஸ்டீவியா, சுக்ரலோஸ் எல்லாம் சீனிய விட நூத்துக்கணக்கான மடங்கு இனிப்பு, சிட்டிகை போட்டாலே இனிச்சிடும், ஆனா 200 கிராம் சீனி எடுத்துக்கிட்ட இடம் காலி. கேக் சின்னதா, வறட்டியாட்டம், வெளிறிப் போயி வரும். அஸ்பார்டேம் சூட்டுல இனிப்பே போயிடும், பேக்கிங்கு ஒத்து வராது. எரித்ரிட்டால்னு ஒன்னு இருக்கு, சீனி மாதிரி மணியா இருக்கும், இனிப்பு சீனில நூத்துக்கு 70 பங்குதான், ஆறுனதும் நாக்குல சில்லுனு ஒரு ருசி வரும், சில பேருக்கு அதிகம் சாப்பிட்டா வயிறு ஒரு மாதிரி பண்ணும். என்னைக் கேட்டா இந்த கேக்லயே சீனிய 200லேர்ந்து 150 ஆக்குங்க, பட்டர் கேக் அது வரைக்கும் தாங்கும், கொஞ்சம் சீக்கிரம் காயும் அவ்ளோதான். மாமியாருக்கு மெல்லிசா ஒரு துண்டு, அன்னிக்கு சோறு குறைச்சுக்கட்டும், எவ்ளோன்னு அவங்க பாக்குற கிளினிக்லயே கேட்டுக்குங்க.

சிப்புட்_வீட்டுகேக்

நேத்து அண்ணன் சொன்ன கணக்குல செஞ்சேன். சீனி 100, தேன் 127, பால் 100, ஓவன் 160. நல்லா எழும்பி தேன் நிறத்துல வந்துச்சு, குச்சி சுத்தமா வருது, மாமாவும் பிள்ளைங்களும் ராத்திரியே பாதி முடிச்சுட்டாங்க. அதிரசம் அக்கா சொன்ன மாதிரி பழைய மாவுல ஈர மாவு சேத்துப் போட்டேன், பிரியல, ஆனா கொஞ்சம் கெட்டியா இருக்கு. புது மாவு ஊற வச்சிருக்கேன்.

கடைசியா ஒன்னு, நெய் உருண்டைக்கு சீனிய மிக்ஸில அரைச்சுத்தான் போடுவேன், ஒரு அக்கா ஐசிங் சுகர் வாங்கிப் போடு வேலை மிச்சம்னாங்க, அளவு ஒன்னா?

தெலுக்_இந்தான்_அக்கா

கெட்டியா இருந்தா அந்த மாவுல வெதுவெதுப்பா கொஞ்சம் பால் தெளிச்சு பிசைஞ்சு பாரும்மா, இளகும்.

நெய் உருண்டைக்கு எடை போட்டா ஒன்னுதான், கப்ல அளந்தா ஏமாந்துடுவ. அரைச்சா பொங்கி நிக்கும், ஐசிங் சுகர் ஒரு கப் 120 கிராம்தான் வரும், மணி சீனி அதே கப்ல 200. அதனால முதல்ல சீனிய நிறுத்துட்டு அப்புறம் அரை. ஐசிங் சுகர்ல கட்டி ஆகாம இருக்க சோள மாவு கலந்திருப்பாங்க, உருண்டை சாப்பிடுறப்ப பாசிப்பயறு வாசத்துக்கு நடுவுல பச்சை மாவு மாதிரி நாக்குல தட்டும். நம்ம கடையில விக்கிற மணி சீனியே போதும், ரெண்டு ஏலக்காய் சேத்து அரைச்சு சலிச்சு போடு.