பாலிகில்க்லைன்: அரசு காட்டிய கருணையா, ஊரையே காலி செய்த வேலையா?

கதிரவன்67:
1840களில் உருளைக்கிழங்கு அழுகி வந்த அயர்லாந்துப் பஞ்சம் என்றாலே கொடுமைக்கார ஜமீன்தார்களைத்தான் திட்டுகிறோம். ஆனால் அங்கே ராஸ்காமன் மாவட்டத்து பாலிகில்க்லைன் என்ற ஊருக்கு ஜமீன்தாரே பிரிட்டிஷ் அரசுதான். மஹோன் குடும்பம் வைத்திருந்த குத்தகை 1834இல் முடிந்து, ஏறத்தாழ 600 ஏக்கரும் அரசு கைக்கு வந்தது. குடியானவர்கள் பத்து வருஷத்துக்கு மேல் குத்தகைப் பணமே கட்டவில்லை. அப்படியிருந்தும் 1847-48இல் வெளியேற்றியபோது முன்னூற்றுக்கும் மேற்பட்டோருக்கு நியூயார்க் வரை கப்பல் கட்டணத்தை அரசே கட்டியது. அதே 1847இல் பக்கத்து எஸ்டேட்காரர் டெனிஸ் மஹோன் தன் குடிகளை கியூபெக்குக்கு அனுப்பினார். அவர்களில் ஒரு பகுதியினர் போன வெர்ஜினியஸ் கப்பலில் 476 பேரில் 158 பேர் வழியிலேயே செத்தார்கள். இரண்டும் ஒன்றா?

மலர்விழி:
கதிரவன் சார், டிக்கெட் கொடுத்தார்கள், சரி. ஊரிலேயே இருக்க வழி விட்டார்களா? குடிசைகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்களே! 1847 சட்டப்படி கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தால் நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமா, நிலத்தை விடு. கிழங்கு அழுகிப் பிள்ளைகள் பசியில் கிடக்கும்போது நீட்டிய டிக்கெட்டை யார் வேண்டாம் என்பார்கள்?

கதிரவன்67:
பணம் கட்டாதது பஞ்சத்துக்குப் பல வருஷம் முன்பே தொடங்கியது, அதை மறக்காதீர்கள். பின்னாளில் அங்கே அகழாய்வு செய்தபோது இங்கிலாந்துப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. பீங்கான் வாங்கக் காசு இருந்ததே?

மலர்விழி:
அந்தத் துண்டுகள்தான் என்னை உலுக்குகின்றன. வீட்டுக்கு வருபவருக்கு நல்ல பாத்திரத்தில் பரிமாற ஆசைப்பட்ட குடும்பங்கள் அவை. உடைந்த பீங்கான் துண்டை வைத்து 1847இன் பசியை அளக்காதீர்கள்.

சேரன்_மதுரை:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1847 நவம்பர் 2ஆம் தேதி டெனிஸ் மஹோனைச் சுட்டுக் கொன்றார்கள். அங்கே கோபத்தைக் காட்ட ஒரு ஆள் இருந்தார். பாலிகில்க்லைன்காரர்கள் யார்மீது கோபப்படுவது? நிலம் அரசுடையது, வழக்குப் போட்டது அரசு, தீர்ப்புச் சொன்ன நீதிமன்றமும் அரசுடையது, காலி செய்ய வந்த போலீஸும் அரசுடையது. அவர்கள் எழுதிய மனுக்களும் அதே வாசலுக்குத்தான் போயின.

கதிரவன்67:
சேரன் சொன்னது கனமான விஷயம், ஏற்கிறேன். ஆனால் அமெரிக்காவில் வெர்மான்ட் பக்கம் ரட்லண்டில் அவர்களில் பலர் குடியேறிப் பிழைத்ததையும் கணக்கில் எடுங்கள்.

மலர்விழி:
பிழைத்தது அவர்கள் உழைப்பால். அதை அரசின் வரவில் எழுத மாட்டேன்.